பதினேழாம் ஆணி

அத்தியாயம் 5

“எண்ணிட்டியா?” என்றார் மேடம்.

“மூணு தடவை. நாற்பது ஆணி, நாற்பது டோக்கன். ராத்திரியில குட்டி போடுற ஜாதியா இருந்தா சொல்லுங்க, நாளைக்கும் வந்து எண்ணுறேன்.”

மேடம் சிரிக்கவில்லை. தபால் பிரிக்கும் அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். கடிதத்தைத் தவிர வேறு எதற்கும் அவர் முகம் சீக்கிரம் அசையாது. வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊரில் அவருக்குத் தபால் மேடம் என்றுதான் பெயர். எனக்கு அவர் வைத்த பெயர் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று வேலை கேட்டு வந்த அன்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கான தண்டனை.

நாங்கள் நின்றிருந்தது மலைப்பாதையின் வாசலில், காவலர் அறையில். எதிரே சுவரில் அந்தப் பலகை. மலை ஏறுகிறவர், தனி ஆள் என்றாலும் கும்பல் என்றாலும், ஒரு டோக்கனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு மணிக்குள் இறங்கி, அதே எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பலகை நிறைந்திருந்தால் மேலே யாரும் இல்லை, கதவைப் பூட்டலாம். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் தேட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை நம்பித்தான் அம்புக்காரர் செத்துப்போனார்.

அம்புக்காரர் இந்தப் பாதையின் பராமரிப்பு ஆள். ஒன்பது கிலோமீட்டருக்கும் பாறைகளில் மஞ்சள் அம்பு போடுவது, விழுந்த மரத்தை அறுப்பது, யாராவது இறங்காவிட்டால் தேடிப் போவது, எல்லாம் அவர் ஒருவர்தான். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை காலையில் பெயிண்ட் டப்பாவோடு ஏறினார். 17ஆம் எண் டோக்கனை எடுத்துப் போனதைக் காலைக் காவலர் பார்த்திருக்கிறார். மாலையில் ஆணி நிறைந்திருந்தது. கதவைப் பூட்டினார்கள். சனிக்கிழமை ஆறாவது கிலோமீட்டரில், பாதைக்குக் கீழே ஒரு பாறைத் திட்டில், இடுப்பெலும்பு உடைந்த பிணமாகக் கிடந்தார். வெள்ளிக்கிழமை வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அலுவலக நோட்டில் இருப்பது வேறு: ‘பணி முடித்து இறங்கினார். பின்னர் சொந்தக் காரியமாக மீண்டும் மேலே சென்று விபத்துக்குள்ளானார்.’ பஸ் நிலையத்தில் அந்தச் சொந்தக் காரியத்துக்குச் சாராய வாசனை சேர்த்துவிட்டார்கள். அவர் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

அவர் மனைவி எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அந்த டோக்கனை மாட்டினது யாரு?”

“பலகை பொய் சொல்லாதுங்க,” என்றார் பாதை அலுவலக மேலாளர். பக்கத்துக் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வராமலே பேசினார். “டோக்கன் தொங்குச்சு, ஆள் இறங்கியாச்சு. அதுக்கப்புறம் அவர் எங்க போனார், என்னத்தைக் குடிச்சார்னு ஆபீஸ் பின்னாடியே போக முடியுமா?”

“குடிச்சிருந்தார்னு மருத்துவர் சொல்லலையே சார்,” என்றேன்.

“நீ யாரும்மா?”

“பட்டதாரி,” என்றார் மேடம் எனக்கு முந்தி. “வாங்க பட்டதாரி, மேல போய்ப் பார்ப்போம்.” 23ஆம் எண் டோக்கனைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் 17ஐ ஒரு விரலால் தொட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

காவலர் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். அந்தப் புதன்கிழமை மாலை பலகையைப் பார்த்துப் பூட்டியவர் அவர்தான். எங்கள் முகத்தைப் பார்க்காமல் எங்கள் செருப்பைப் பார்த்து, “வழுக்கும்மா, பார்த்து,” என்றார்.

இரண்டாவது கிலோமீட்டரிலேயே எனக்கு நாக்கு தள்ளியது. ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், முதுகில் தொட்டில் அளவு பை, இப்படி ஒரு கும்பல் சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

“இதுக்குப் பொழுதுபோக்குன்னு பேராம் மேடம். எங்கப்பா இருபத்தஞ்சு வருஷமா மூட்டை தூக்குறார். அவர் தூக்கினா கூலி, இவங்க தூக்கினா டிரெக்கிங்.”

“மூச்சை மிச்சம் பிடி.”

“பிடிச்சு என்ன பண்ண? பொழுது போகுதோ இல்லையோ, உயிர் போகுது.”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாறைக்குப் பாறை மஞ்சள் அம்பு எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரே நீளம், நுனி சொட்டாமல் துடைத்த துடைப்பு. கிலோமீட்டர் எண்களும் அதே மஞ்சளில். கூலி வேலைதானே என்று தீற்றிவிட்டுப் போகிற கை இல்லை அது.

ஏழாம் எண் வேண்டும் என்று மேடம் அடம் பிடித்ததால், விழுந்த இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏறினோம். அங்கே ஒரு பாறையில் தனியாக 7. அதன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

“ஏழுக்கு பெல்ட் போடுற ஆள்,” என்றார் மேடம். “எங்க செக்‌ஷன்ல நாங்க இவங்களை ரொம்ப மதிப்போம். இவங்க எழுதின விலாசத்துல ஒண்ணும் ஏழும் குழம்பவே குழம்பாது. படிக்கிறவனை நினைச்சு எழுதுறவங்க.”

திரும்பி இறங்கி ஆறாவது கிலோமீட்டர் வளைவுக்கு வந்தோம். பக்கத்திலேயே அருவி. நான் காதருகே கத்தியும் மேடத்துக்குக் கேட்கவில்லை. பிணத்தைத் தூக்க வந்தவர்கள் கட்டிய கயிறு இன்னும் மரத்தில் இருந்தது. அதைப் பிடித்துப் பன்னிரண்டடி கீழே இறங்கினேன். மேடம் மேலேயே உட்கார்ந்து, “என்ன இருக்கு?” என்று கையால் கேட்டார்.

ஒரு கவிழ்ந்த டப்பா. காய்ந்து கல்லோடு ஒட்டிப்போன மஞ்சள். பாறைச் சுவரில், உட்கார்ந்திருக்கும் ஆளின் கை எட்டுகிற உயரத்தில், ஓர் அம்பு.

அது பாதையைக் காட்டவில்லை. கீழே, அந்தத் திட்டை, அவர் கிடந்த இடத்தைக் காட்டியது. நுனியில் பெயிண்ட் சொட்டி வழிந்திருந்தது. பக்கத்தில் 17. ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு, நடுங்கிக்கொண்டு.

போலீஸ்காரர் இதைப் பார்த்திருக்கிறார். ‘கிலோமீட்டர் குறி’ என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஒன்பது கிலோமீட்டரில் முடிகிற பாதையில் பதினேழாவது கிலோமீட்டர் எங்கே இருக்கிறது, ஆகாயத்திலா? அதைக் கேட்க ஒரு பட்டம் வேண்டியதில்லை. செத்தவர் நம் வீட்டு ஆள் என்று நினைத்தால் போதும்.

மேலே ஏறி, அருவிச் சத்தம் குறைகிற தூரம் நடந்து வந்ததும், போனில் எடுத்த படத்தை மேடத்திடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“வாசல்ல விதி போர்டு இருக்கே, அஞ்சாவது விதி என்ன?”

“‘வழி தவறியவர்கள் தங்கள் டோக்கன் எண்ணைத் தெரியும்படி காட்ட வேண்டும்.’”

“அவரே பெயிண்ட் அடிச்ச போர்டு. அதன்படியே செஞ்சிருக்கார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்த ஆள் ஏன் டோக்கன் நம்பரை எழுதணும்?”

“அப்போ டோக்கன் அவர்கிட்டதான் இருந்துச்சு! ஜெயிச்சுட்டோம் மேடம்!”

“அவசரப்படாதே. காலையில பலகையில தொங்கின 17ஐத் திருப்பினேன் இல்ல? மத்த டோக்கன் முக்கால்வாசியில நம்பரை அச்சு வச்சு அடிச்சிருக்கு. அதுல பெயிண்ட்ல எழுதியிருக்கு. அந்த ஏழுக்கும் பெல்ட் இருக்கு.”

 அதுவும் அவர் கை. அப்படியென்றால் மேலாளர் சொன்னதுதான் சரியா? இறங்கி வந்து மாட்டிவிட்டு மறுபடி ஏறினாரா?

“ஒரே எண், ரெண்டு இடத்துல,” என்றார் மேடம். “தபால்ல இப்படி வந்தா நாங்க ஆளைச் சந்தேகப்பட மாட்டோம். முத்திரையைச் சந்தேகப்படுவோம்.”

நான் மேலே போகும் பாதையைப் பார்த்தேன். வியாழனும் வெள்ளியும் பாதை திறந்திருந்தது. அந்த இரண்டு நாளில் எத்தனை பேர் அவர் தலைக்கு மேலே நடந்திருப்பார்கள்? அருவியை எத்தனை போட்டோ எடுத்திருப்பார்கள்?

மூன்று மணிக்கு வாசலுக்கு வந்தோம். மேடம் காவலரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே வெளியே நடந்தார்.

“மேடம், டோக்கன்...”

“நடடி பேசாம.”

எதிர்க் கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். நாலு மணிக்கு மேலாளர் பலகையைப் பார்க்க வருவதும், பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்புவதும் தெரிந்தது. மேடம் எழுந்தார்.

காவலர் அறையில் நாற்பது ஆணியும் நிறைந்திருந்தன. 23ஆம் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கியது. மேடம் கைப்பையைத் திறந்து இன்னொரு 23ஐ எடுத்து மேசைமேல் வைத்தார். தகரம் மரத்தில் பட்ட சத்தம் பெரிய சத்தம் இல்லை. காவலர் உட்கார்ந்துவிட்டார்.

“டப்பா எங்க இருக்கு?” என்றார் மேடம்.

காவலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே ஒன்று முதல் நாற்பது வரை, இடையிடையே சிலது குறைந்து, வட்டமாக வெட்டிய தகரங்கள். புரட்டினால் பெயிண்ட் டப்பா மூடியின் வளைந்த விளிம்புக் கோடு.

“ஒருத்தர் செத்துட்டார்,” என்றேன். குரலை அடக்க முடியவில்லை. “செத்தப்புறமும் அதையே பண்றீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லையா?”

“நீங்க இறங்கினதைக் கண்ணால பார்த்தேன்மா. கை தானா போயிடுச்சு.” தன் கையையே பார்த்துக்கொண்டார். “வர்றவங்க பாதிப் பேரு டோக்கனைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டே ஊருக்குப் போயிடுறாங்க. ஞாபகமா வச்சுக்கணும்னு எடுத்துட்டுப் போறவங்களும் உண்டு. ஒரு ஆணி காலின்னா தேடணும், தேடி முடிக்கிற வரைக்கும் மறுநாள் கதவு திறக்கக் கூடாது. அப்படி ரெண்டு நாள் கதவு மூடிக் கிடந்ததும் மேலாளர் சொல்லிட்டார், ‘நாலு மணிக்கு நான் வரும்போது காலி ஆணி என் கண்ணுல படக் கூடாது’ன்னு. எப்படி நிறையுதுன்னு அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.”

“புதன்கிழமை?”

“அன்னைக்கு நான் மதியம்தான் வேலைக்கு வந்தேன். அம்புக்காரர் எப்பவும் மூணுக்குள்ள இறங்கிடுவார். 17 காலியா இருந்துச்சு. எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். மறுநாள் காலையில அவர் சம்சாரம் வந்து நின்னாங்க பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மேலாளர்கிட்ட ஓடினேன். ‘பலகை நிறைஞ்சிருக்கு, வாயை மூடிட்டுப் போ’ன்னார். மூடிக்கிட்டேன்.”

நான் டின்னைக் கையில் எடுத்தேன். இதுதான் சாட்சி. இதைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடி அறையின் மேசையில் கொட்ட வேண்டும் என்று கை பரபரத்தது.

“இதை வெட்டினது யாரு?” என்று மேடம் கேட்டார். பதில் தெரிந்த கேள்வி மாதிரி மெதுவாகக் கேட்டார்.

காவலர் அழ ஆரம்பித்தார்.

“அம்புக்காரர்தாங்க. ஒவ்வொரு தடவையும் தேடப் போனது அவர் ஒருத்தர்தானே? வீட்டுல போர்த்திக்கிட்டுத் தூங்குறவனைத் தேடி மழையில மலை ஏறுவார். ஏழாவது தடவை காய்ச்சலோட வந்து விழுந்தார். அடுத்த வாரம் இந்த டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘அண்ணே, இனிமே நீங்களும் திட்டு வாங்க வேணாம், நானும் நனைய வேணாம்’னார்.”

 என் கையிலிருந்த டின் திடீரென்று கனத்தது.

“அந்தக்கா கேட்டாங்களே மேடம்,” என்றேன் வெளியே வந்ததும். “மாட்டினது யாருன்னு. இதைப் போய் எப்படிச் சொல்றது? காவலர் மாட்டினார்னு மட்டும் சொல்லிட்டு வந்துடலாமே. பொய் இல்லையே அது.”

“பாதி விலாசம் எழுதின கவர் எங்கேயும் போய்ச் சேராது,” என்றார் மேடம். டின்னை என்னிடமே விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

அம்புக்காரரின் மனைவிக்கு மலை ஏற வருகிறவர்கள் தங்கும் லாட்ஜில் துணி துவைக்கும் வேலை. பின்கட்டில் இரண்டு வாஷிங் மெஷின், குறுக்கும் நெடுக்கும் கயிறு, அதில் ஈரப் போர்வைகள். போர்வைகளை விலக்கி விலக்கி அவரிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது.

மேடம் முழுதும் சொன்னார். பாறையில் இருந்த அம்பு, 17, காவலர், டின். கடைசியில், “வெட்டினது உங்க வீட்டுக்காரர்தாம்மா,” என்றார்.

அந்தம்மா போர்வையை உதறுவதை நிறுத்தவில்லை.

“பத்து மூடி,” என்றார். “ஒரு மூடிக்கு நாலு வட்டம். அவரு வெட்டுனாரு, நான் மூடியைப் பிடிச்சுக்கிட்டேன்.”

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் கேட்காதது போல இருந்தது. அருவிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி.

“காய்ச்சல்ல படுத்திருந்தப்போ நான்தான் சொன்னேன். எவனோ தூங்குறதுக்கு நீ ஏன்யா சாகுற, அந்த ஆணியை நிரப்ப ஒரு வழி பாருன்னு. அவருக்கு மனசே இல்லை. ‘தப்புடி, நிஜமாவே ஒருத்தன் மாட்டிக்கிட்டா?’ன்னாரு. அப்படி மாட்டினா ஊரே தேடும்னு சொன்னேன்.” மடித்த போர்வையை மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். “வியாழக்கிழமை வாசல்ல போய் நின்னேன். பலகை நிறைஞ்சிருக்குன்னாங்க. அந்தப் பலகை எப்படி நிறையும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கோபம்தான் முந்திக்கிச்சு. முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. இறங்கி வந்து வேணும்னே வீட்டுக்கு வராம எங்கயோ குடிச்சிட்டுக் கிடக்குறாருன்னு நினைச்சேன். நினைச்சது மட்டுமா, லாட்ஜ்ல வாய்விட்டே சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல பேசுறாங்களே அந்தப் பேச்சு, அதை முதல்ல பேசினது நான்தான்.”

“அப்புறம் ஏன்க்கா எங்ககிட்ட வந்தீங்க?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“வேற யாரையாவது கண்டுபிடிப்பீங்கன்னு நினைச்சேன்.”

சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்தார். மருத்துவமனையில் கொடுத்தது. அடித்திருந்த பின்கள் பிரிக்கப்படவே இல்லை.

“மூணு வாரமா இதைத் தொட முடியல. நீ திற.”

நான் திறந்தேன். மஞ்சள் தெறித்த சட்டை. சட்டைப்பையில் ஒரு டோக்கன். அச்சு வைத்து அடித்த 17. மேடம் எதிர்பார்த்திருக்க வேண்டும். இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தம்மா அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கைக்குள் மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஆறு மணிக்குக் காவலர் சாவியோடு எழுந்த நேரம் அவர் உள்ளே நுழைந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பதினேழாம் ஆணியில் தொங்கிய தகரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிஜ டோக்கன் இருந்த கை மூடியே இருந்தது.

ஆணி காலியானது.

சத்தம் இல்லாமலே மேலாளருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். “என்னம்மா இது? நாளைக்குச் சனிக்கிழமை. இருநூறு பேர் வர்றாங்க.”

“ஒருத்தர் இன்னும் இறங்கல,” என்றார் அந்தம்மா. “போர்டுல என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிக்க வராது. யாராவது படிங்க.”

நான் படித்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் அவ்வளவு நிறுத்தி நிதானமாகப் படித்ததில்லை. “ஆறாவது விதி. ஓர் ஆணி காலியாக இருந்தாலும், தேடுதல் முடியும்வரை பாதை திறக்கப்படாது.”

“தேடி முடிச்சு மூணு வாரம் ஆச்சேம்மா!”

“எங்க எழுதியிருக்கு? உங்க நோட்டுல அவரு புதன்கிழமையே இறங்கிட்டாருல்ல? இறங்கின ஆளை எப்படித் தேடி முடிச்சீங்க?”

 மேலாளர் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். டின்னைப் பார்த்ததும் அதை அவரே எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். நான் டின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “தொட்டுப் பாருங்க,” என்றேன்.

அதற்குள் காவலர் நோட்டைத் திறந்திருந்தார். அந்தப் புதன்கிழமைப் பக்கம். ‘17: இறங்கினார்’ என்ற வரியை அடித்தார். பக்கத்தில் ‘இறங்கவில்லை. பணியில் இருந்தார். போலி டோக்கனை மாட்டியது நான்’ என்று எழுதினார். அழுத்தி எழுதியதில் பேனா காகிதத்தைக் கிழித்தது. கீழே கையெழுத்துப் போட்டு நோட்டை மேலாளர் பக்கம் தள்ளினார்.

“நீங்க சொன்னதையும் எழுதணும் சார்,” என்றார். “காலி ஆணி கண்ணுல படக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதையும்.”

மேலாளர் பேனாவைத் தொடவில்லை. மேடம் அந்தப் பக்கத்தைப் போனில் இரண்டு தடவை படம் எடுத்தார். “பரவாயில்லை. அந்த வரியை நாங்க எழுதிக்கிறோம்,” என்றார்.

அந்தம்மா நோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பாதை தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாறையில் மஞ்சள் அம்பு, மேலே காட்டிக்கொண்டிருந்தது. பனி இறங்கி ஒவ்வொரு அம்பாக மூடியது.

“எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாரு,” என்றார். யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு போர்வை மடிக்கப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

காவலர் பழக்கத்தில் சாவியை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். பூட்டைக் கையில் பிடித்தபடி ஒருமுறை பலகையைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொன்பது. பூட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தார்.